கறுப்பு ஒயினின் துவர்ப்பு: காவோரில் ஆறு நாட்கள்

முதல் நாள், செவ்வாய்

பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் காலையில் ஏறிய ரயில், லிமோஜ், பிரீவ், சூயாக் என்று தெற்கே இறங்கி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிக் காவோரில் என்னை விட்டபோது பிற்பகலாகியிருந்தது. பிரீவைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. பரந்த வயல்கள் ஒழிந்து, வெளிறிய சுண்ணாம்புப் பாறையும் குட்டை ஓக் மரங்களும் ஆழமான பள்ளத்தாக்குகளுமாக வருகின்றன. இந்தப் பகுதியின் பழைய பெயர் கெர்சி. இன்றைய மாவட்டப் பெயரான லோத், இங்கு ஓடும் ஆற்றிலிருந்து வந்தது. அந்த ஆறு காவோரை மூன்று பக்கமும் வளைத்துச் செல்வதால், நகரம் நீருக்குள் நீட்டிய நாக்கைப் போலக் கிடக்கிறது.

நான் வந்திருப்பது, இந்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிவப்பு ஒயினுக்காக. ஆங்கிலேயர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகக் 'கறுப்பு ஒயின்' என்று அழைத்தார்கள். அர்ஜென்டினாவின் மால்பெக் ஒயினைப் பருகியவர்கள் நம்மிடையே இருப்பார்கள். அந்தத் திராட்சை இங்கிருந்துதான் உலகுக்குப் போனது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இரவு உணவுக்குப் பழைய நகரின் ஒரு சிறிய உணவகத்தில் உட்கார்ந்தேன். உணவு வரும் முன்பே ஒயின் வந்தது. கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளை மேசைவிரிப்பின் மேல் பிடித்துப் பார்த்தபோது, நடுவில் மையைப் போன்ற கருமையும் ஓரத்தில் மட்டும் ஊதாவும் தெரிந்தன. முதல் மிடறு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பழத்தின் வாசனை மூக்கில் இருக்க, வாயில் நாக்கும் ஈறும் ஒரே நொடியில் வறண்டு இழுத்துக்கொண்டன. பிறகு வாத்துக்கால் வந்தது. உப்புத் தடவி ஒரு நாள் வைத்து, அதன் சொந்தக் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவிட்டு, கடைசியில் தோல் மொறுமொறுக்கும் வரை வாட்டி எடுக்கும் 'கோன்ஃபி' அது. இரண்டு வாய் இறைச்சிக்குப் பிறகு அதே கிண்ணத்திலிருந்து அதே ஒயினைக் குடித்தேன். அது வேறொரு ஒயினாக இருந்தது. வறட்சி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கரும்பழங்களின் சாறும், பின்னால் அதிமதுரத்தைப் போன்ற ஓர் இனிய கசப்பும் நீண்ட நேரம் நின்றன.

ஒரு மேசையில் பத்து நிமிடத்துக்குள் நடந்த இந்த மாற்றத்தின் காரணத்தைத் தெரிந்துகொண்டு திரும்புவதே இந்தப் பயணத்தில் நான் எனக்கு இட்டுக்கொண்டிருக்கும் வேலை.

இரண்டாம் நாள், புதன்

புதன்கிழமையும் சனிக்கிழமையும் பேராலயத்தின் முன்னுள்ள ஷப்பூ சதுக்கத்தில் சந்தை கூடுகிறது. சேன் எத்தியேன் பேராலயத்தின் இரண்டு பெரிய குவிமாடங்களின் கீழே காளான்களும் வால்நட் பருப்பும் பூண்டுச் சரங்களும் சிறிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிகளும் விரிந்து கிடந்தன. வாத்தின் ஈரல், நெஞ்சுக்கறி, தொடை, கொழுப்பு என்று ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கண்ணாடிப் புட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தன. இந்தச் சந்தையைச் சுற்றி வந்தபோதே ஓர் எண்ணம் வலுப்பட்டது: இவ்வளவு கொழுப்பும் உப்பும் பூண்டும் உண்ணும் ஊரில், மெல்லிய ஒயின் எதுவும் பிழைத்திருக்க முடியாது.

சந்தையிலிருந்து நடந்து நகரின் மேற்கே வலான்த்ரே பாலத்துக்குப் போனேன். 1308இல் தொடங்கி 1378 வாக்கில் முடிந்த பாலம். மூன்று உயர்ந்த கோபுரங்களும் ஆறு பெரிய வளைவுகளும் கொண்டது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு இவ்வளவு பெரிய காவல் பாலத்தைக் கட்டும் அளவுக்கு இந்த ஊரில் பணம் இருந்தது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கு அன்றைய ஐரோப்பாவில் காவோர் வணிகர்கள் பெயர் போனவர்கள். அவர்கள் விற்ற சரக்குகளில் ஒயினும் இருந்தது.

அந்த வாணிபத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒயினின் சுவையில் பாதி அதிலிருந்து வந்ததுதான். 1152இல் அக்கித்தேன் நாட்டின் கோமகள் எலியனோர், ஹென்றி பிளாந்தஜெனேயை மணந்தார்; இரண்டு ஆண்டுகளில் அவர் இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ஹென்றியானார். அதனால் தென்மேற்குப் பிரான்சின் ஒயினுக்கு லண்டன் சந்தை திறந்தது. காவோரின் பீப்பாய்கள் லோத் ஆற்றில் இறங்கி, எகியோன் என்னும் இடத்தில் கரோன் ஆற்றில் சேர்ந்து, போர்தோ துறைமுகத்தை அடைந்தாக வேண்டும். கடலுக்கு வேறு வழி கிடையாது. அந்த ஒரே வாசலைப் போர்தோ நகரத்தார் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். மேட்டுநாட்டு ஒயின் என்று அவர்கள் அழைத்த உள்நாட்டுச் சரக்கு, போர்தோவின் சொந்த ஒயின் விற்றுக் கப்பலேறும் வரை, பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் வரையிலும்கூட, காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்மேல் வரியும் விழுந்தது. 1225இல் மூன்றாம் ஹென்றி காவோர் வணிகர்களைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, அவர்களைத் தடுக்கக் கூடாது என்று போர்தோவுக்கு ஆணையிட்டார். ஆயினும் போர்தோவின் சலுகைகள் முழுமையாக ஒழிய 1776 வரை, நிதியமைச்சர் தூர்கோவின் ஆணை வரும் வரை, ஆகிவிட்டது.

இப்படித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்து, பிறகு கடலில் குலுங்கிச் செல்லும் ஒயின் கெடாமல் இருக்க வேண்டுமென்றால், அது அடர்த்தியாகவும் துவர்ப்பாகவும் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் திராட்சைச் சாற்றின் ஒரு பகுதியைச் சூடாக்கிச் சுண்ட வைத்தும், சாராயம் சேர்த்தும் ஒயினுக்கு வலுவேற்றினார்கள். கறுப்பு ஒயின் என்ற பெயர் முதன்மையாக அதற்கு உரியது. இன்னொரு வேடிக்கையான நியாயமும் இங்கே நடந்திருக்கிறது. காவோரை வழிமறித்த அதே போர்தோவின் வணிகர்கள், தங்கள் வெளிறிய ஒயினுக்கு நிறமும் உடலும் கொடுக்க இந்தக் கறுப்பு ஒயினை வாங்கிக் கலந்தார்கள். இன்று போர்தோவின் பெயர் உலகெங்கும் தெரிகிறது. காவோரின் பெயரை உச்சரிக்கக்கூடப் பலருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

மாலையில் நகரின் வடக்கே இருபத்திரண்டாம் யோவான் பெயரில் நிற்கும் பழைய கோபுரத்தைப் பார்த்தேன். காவோரில் பிறந்து, 1316இல் போப்பாண்டவராகி, ரோமில் அல்லாமல் அவிஞ்ஞோனில் அமர்ந்து ஆட்சி செய்தவர் அவர். சொந்த ஊரின் ஒயின் அவருடைய மேசைக்கும் பூசைக்கும் போனது என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள், வியாழன்

இன்று முழுவதும் திராட்சைத் தோட்டத்தில். காவோரிலிருந்து மேற்கே, ஆறு பாம்பைப் போல நெளிந்து நெளிந்து செல்லும் பள்ளத்தாக்கில்தான் இந்த ஒயினின் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: மெர்க்குவேஸ், பார்னாக், லுஸேஷ், அல்பாஸ், பிரேசாக், புய்லெவேக். பார்னாக் பக்கத்தில் ஒரு குடும்பத் தோட்டத்தில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்காக நேரம் ஒதுக்கியிருந்தார். நிர்வாகத்தை மகனிடம் கொடுத்துவிட்டாலும், அறுவடைக் காலத்தில் கொடிகளுக்கிடையே அவர் காலைமுதல் நடந்துகொண்டேதான் இருப்பாராம்.

அக்டோபர் முதல் வாரம். அறுவடை நடுவில் இருக்கிறது. பெரிய நிலங்களில் இயந்திரம் கொடி வரிசைகளின் மேல் ஏறி நின்று பழத்தை உதிர்த்துச் செல்கிறது. பழைய கொடிகள் உள்ள மேட்டு நிலத்தில் மட்டும் ஆட்கள் கத்தரியால் கொத்துக் கொத்தாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு பழத்தைப் பறித்துத் தந்து, சாற்றை விழுங்கிவிட்டுத் தோலை மட்டும் மெல்லச் சொன்னார். மென்றேன். கடைவாயில் தொடங்கிய இழுப்பு நாக்கின் நுனி வரை வந்தது, விரல்கள் ஊதாவாகியிருந்தன. அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது நாவல்பழம்தான். சிறுவயதில் ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி, உப்பைத் தொட்டுத் தின்று, ஊதா நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிய அதே சுவை, அதே நிறம். ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் இந்த உணர்வை விளக்கப் பட்டு, வெல்வெட், மணல் என்று துணியையும் மண்ணையும் துணைக்கு அழைக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பு என்று பெயரிட்டு, வாழைப்பூவிலும் கடுக்காயிலும் பாக்கிலும் அதைத் தனியே அடையாளம் கண்டு வைத்திருக்கிறோம். தமிழ் நாக்கோடு இந்த ஒயினிடம் வருகிறவருக்கு, அதன் மையத்தில் இருப்பதைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும்.

அந்தத் துவர்ப்பைக் கொடுப்பது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின். சிவப்பு ஒயின் செய்யும்போது சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். சாறு நிறமற்றது, நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து ஊறி இறங்குகின்றன. இந்தத் தோட்டத்தில் தோலோடு மூன்று வாரங்களுக்கு மேல் ஊறவிடுகிறார்கள். எஃகுத் தொட்டியின் மேலே ஏறிப் பார்த்தேன். நொதிக்கும்போது எழும் வாயு தோல்களை மேலே தள்ளித் தடித்த போர்வையாக்கியிருந்தது. அடியிலிருந்து சாற்றை இழுத்து அந்தப் போர்வையின் மேல் பொழிந்து நனைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சாற்றின் நிறம் ஊதாவா கறுப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தத் திராட்சைக்கு உலகம் வைத்த பெயர் மால்பெக். லுவார் பள்ளத்தாக்கில் அது கோத். காவோரில் பழைய ஆட்கள் ஒசெருவா என்று சொல்கிறார்கள். மரபணு ஆய்வு அதன் பெற்றோரைக் கண்டுபிடித்திருக்கிறது: ஒன்று, இங்கிருந்து தெற்கே காயாக் பக்கத்தைச் சேர்ந்த புரூனலார், மற்றது, மதலேன் நுவார் தெ ஷராந்த் என்ற, ஏறத்தாழ மறைந்தே போயிருந்த ஒரு திராட்சை. மெர்லோ என்ற திராட்சைக்கும் தாய் அதே மதலேன்தான். ஆகவே மால்பெக்கும் மெர்லோவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். காவோர் ஒயினின் விதிப்படி மால்பெக் குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும். மிச்சத்துக்கு மெர்லோவையும் தனா என்ற திராட்சையையும் சேர்க்கலாம். மென்மை வேண்டுமென்றால் மெர்லோ, இன்னும் முறுக்கு வேண்டுமென்றால் தனா. இந்த அம்மாவின் மேட்டு நிலத்து ஒயினில் மால்பெக்கைத் தவிர வேறொன்றும் கிடையாது.

மால்பெக் வளர்ப்பதற்கு எளிய பயிர் அல்ல. பூக்கும் வேளையில் குளிரோ மழையோ வந்தால் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும், உறைபனியையும் தாங்காது. இந்த இரண்டாவது பலவீனம் ஒருமுறை ஊரையே அழித்தது. அதற்கு முன்பே, 1870களின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி இந்தப் பள்ளத்தாக்கின் கொடிகளைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேர்க்குச்சியில் ஒட்டுக்கட்டுவதுதான் தீர்வு என்று தெரிந்தும், பலர் கலப்பினக் கொடிகளை நட்டுச் சாதாரண மேசை ஒயினோடு நின்றுவிட்டார்கள். 1947இல் பார்னாக்கில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மால்பெக்கை மீட்கும் வேலை மெல்ல நடந்துகொண்டிருந்த நேரத்தில், 1956 பிப்ரவரியின் உறைபனி வந்தது. அந்த அம்மா அப்போது சிறுபிள்ளை. கொடிகளை வெட்டி விறகாக அடுக்கியதைத் தன் தந்தை பிற்காலத்தில் பலமுறை சொன்னதாகவும், பாதிப் பேர் அன்றோடு திராட்சையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனதாகவும் அவர் சொன்னார். மிஞ்சியவர்கள் மறுபடி நட்டார்கள், இம்முறை பெரும்பாலும் மால்பெக்கையே நட்டார்கள். 1971இல் காவோருக்குப் பிரான்சின் தோற்றப் பெயர்ச் சான்றான ஏ.ஓ.சி. கிடைத்தது. சிவப்புக்கு மட்டுமே அந்தச் சான்று. இதே நிலத்தில் வெள்ளை ஒயின் செய்தால் அதற்குக் காவோர் என்று பெயர் போட முடியாது.

ஒரே ஆண்டின் மூன்று ஒயின்களை அடுத்தடுத்து ஊற்றிக் காட்டினார். ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்ந்த வண்டல் நிலத்தினுடையது பழச்சுவை மிகுந்து, மிருதுவாக, இன்றைக்கே குடிக்கத் தகுந்ததாக இருந்தது. கூழாங்கல்லும் களிமண்ணும் கலந்த நடுப்படியினுடையதில் வயலட் பூவின் மணமும் கரும்பிளம்பழமும் வந்தன. மூன்றாவது, மேலே சுண்ணாம்பு மேட்டில் விளைந்தது. வாசனை குறைவு, புளிப்பு கூடுதல், துவர்ப்பு நேராக நின்றது. அது எனக்கே சற்றுக் கடுமையாக இருந்தது. பத்து ஆண்டு கழித்து வந்து குடித்துப் பார்க்கச் சொன்னார்.

அர்ஜென்டினாவைப் பற்றிக் கேட்டேன். 1853இல் மிஷேல் புஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞரின் வழியாக மால்பெக் மெந்தோசாவுக்குப் போனது. இன்று அங்கே அது பயிராகும் பரப்பு காவோரைப் போலப் பல மடங்கு. உயர்ந்த மலைநிலத்தின் வறண்ட வெயிலில் பழம் நன்றாகக் கனிந்து, ஒயின் இனிப்புப் போலத் தோன்றும் மென்மையோடு வருகிறது. உலகம் மால்பெக் என்றால் அந்தச் சுவையைத்தான் எதிர்பார்க்கிறது என்பதால், இங்கும் சிலர் அதே பாணியில் செய்து பார்க்கிறார்கள். அந்தப் பாணியை அந்த அம்மா குறை சொல்லவில்லை. மால்பெக் என்ற பெயரை அர்ஜென்டினாதான் உலகுக்கு அறிமுகப்படுத்தியது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் தன் ஒயினிலிருந்து துவர்ப்பை எடுத்துவிட்டால் அது யாருடைய ஒயின் என்று தனக்கே தெரியாமல் போகும் என்றார். நானும் அவர் பக்கமே நிற்கிறேன்.

நான்காம் நாள், வெள்ளி

காலையில் மழை. பகலில் கோஸ் என்று அழைக்கப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலத்தைச் சுற்றினேன். மண் மெலிந்து, கல்சுவர்களுக்கு நடுவே ஆடுகள் மேய்கின்றன. கண்ணைச் சுற்றியும் காதிலும் கறுப்பாக, மூக்குக்கண்ணாடி போட்டதைப் போன்ற தோற்றமுடைய வெள்ளை நிறச் செம்மறிகள். இவற்றின் குட்டி இறைச்சிதான் காவோர் ஒயினுக்கு வாத்துக்கு அடுத்த துணை. லால்பென்க் என்ற சிற்றூர் வழியாக வந்தேன். டிசம்பர் முதல் மார்ச் வரை செவ்வாய்தோறும் பிற்பகலில் அங்கே, மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளானான கறுப்பு டிரஃபிளின் சந்தை நடக்கும். இப்போது தெரு காலியாக இருந்தது.

தங்கியிருந்த வீட்டில் அடுப்பு இருந்ததால், இரவுக்கு அந்த ஆட்டுக்கறியை நானே சமைத்தேன். பழக்கத்தில் மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டுவிட்டேன். அது தவறு. காரம் ஒயினின் சாராயச் சூட்டைத் தூக்கிவிட்டது; துவர்ப்பும் கசப்பாகத் திரும்பியது; இரண்டில் எதையும் ரசிக்க முடியவில்லை. எடுத்து வைத்திருந்த மீதிக் கறியைப் பூண்டும் உப்பும் சிறிது மிளகும் மட்டும் சேர்த்து வாட்டியபோது இரண்டும் பொருந்தின. நம் வீட்டு உணவோடு இந்த ஒயினைப் பரிமாற நினைப்பவர்கள், மிளகாய்க் குழம்பை விட்டுவிட்டு, மிளகு தூக்கலாக நெய்யில் வறுத்த ஆட்டுக்கறியை எடுத்துக்கொள்வது நல்லது. மீன் வேண்டாம், துவர்ப்பு மிகுந்த ஒயின், மீனோடு சேர்ந்தால் நாக்கில் இரும்பைத் தொட்டதைப் போன்ற சுவையை விட்டுச் செல்கிறது.

ஐந்தாம் நாள், சனி

காவோருக்குக் கிழக்கே பூசியே என்ற ஊரிலிருந்து சேன்சீர் லபோப்பி வரை ஆற்றோரமாக நடந்தேன். 1840களில் செங்குத்துப் பாறையைக் குடைந்து வெட்டிய பாதை அது. தலைக்கு மேல் பாறை கூரையாகக் கவிழ்ந்திருக்கிறது. நீரோட்டத்துக்கு எதிரே படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவர்களுக்காக வெட்டப்பட்டது. தட்டையான அடிப்பாகம் கொண்ட 'கபார்' படகுகள் பீப்பாய்களைச் சுமந்து கீழே போயின. உப்பையும் பிற சரக்கையும் ஏற்றி மேலே வந்தன. சில பத்தாண்டுகளில் ரயில் வந்து ஆற்று வாணிபத்தை முடித்துவிட்டது. பாறையில் கயிறு உரசிய இடங்களைத் தேடிக்கொண்டே நடந்தேன்.

காவோரின் பெயர் எட்டிய தூரத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ரஷ்யாவின் மரபுவழித் திருச்சபை இந்த ஒயினைத் திருப்பலிக்கு ஏற்றுக்கொண்டது. பிறகு கிரிமியாவிலும் மோல்தோவாவிலும் தங்கள் சொந்தத் திராட்சையில், சாற்றைச் சூடாக்கி, இனிப்பும் சாராயமும் கொண்ட ஒரு சிவப்பு ஒயினைச் செய்து, அதற்குக் 'ககோர்' என்றே பெயர் வைத்தார்கள். சாற்றைச் சூடாக்கும் பழைய முறை இந்தப் பள்ளத்தாக்கில் வழக்கொழிந்த பிறகும் கருங்கடல் கரையில் அது உயிரோடு இருக்கிறது.

மலைமேல் ஊரின் ஒரு கடையில் ரொக்கமதூர் பாலாடைக்கட்டி வாங்கினேன். ஆட்டுப்பாலில் செய்த, 35 கிராம் எடையுள்ள சிறு வட்டு. காவோரோடு சேர்த்துக் கொடுப்பது இங்கே வழக்கம். அந்த வழக்கத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். புதிதாக, கூழைப் போல இளகியிருக்கும் கட்டியின் புளிப்பு இந்த ஒயினோடு சண்டையிடுகிறது. உலர்ந்து கெட்டிப்பட்டு, உப்பும் கொட்டைச் சுவையும் ஏறியதுதான் பொருந்துகிறது. கூடவே நான்கு வால்நட் பருப்பைத் தின்றபோது, பருப்புத்தோலின் துவர்ப்பும் ஒயினின் துவர்ப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதால் வாய் கட்டிக்கொண்டது. வால்நட்டை இந்த ஒயினோடு சேர்க்க விரும்பினால் தோலை உரித்துவிட வேண்டும்.

ஆறாம் நாள், ஞாயிறு

பார்னாக்கின் அந்த அம்மா மதிய உணவுக்கு அழைத்திருந்தார். முதல் நாள் இரவில் என் நாக்கில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் மகன் அதை விளக்கினார். நம் எச்சிலில் உள்ள ஒருவகைப் புரதம்தான் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கிறது. டானின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு திரண்டுவிடுவதால், வழுவழுப்புப் போய் நாக்கும் அண்ணமும் உரசிக்கொள்கின்றன. அதைத்தான் வறட்சி என்று உணர்கிறோம். வாயில் இறைச்சியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு எச்சிலை விட்டுவிடுகிறது. கொழுப்பு நாக்கில் படிந்து திகட்டாமல் ஒயின் அதைத் துடைக்கிறது. ஒயின் உலர்த்தாமல் கொழுப்பு நாக்கைக் காக்கிறது. கட்டன் தேநீரில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குவதும் இதே காரணத்தால்தான். டானின் அங்கே பாலின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. நாவல்பழத்துக்கு உப்புத் தொட்டுக்கொண்டதையும் நான் சொன்னேன். உப்பிட்ட வாத்தும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று அவர்கள் இருவரும் ஆமோதித்தார்கள்.

மேசையில் கசூலே வந்தது: வெள்ளை மொச்சையைப் போன்ற பயற்றோடு வாத்துக் கோன்ஃபியும் பன்றித்தொத்திறைச்சியும் சேர்த்து, மண்சட்டியில் மேற்பரப்பு பழுப்பாகும் வரை அடுப்பில் வைத்தெடுக்கும் உணவு. அதன் ஊர் இங்கிருந்து தெற்கே துலூஸைத் தாண்டிய கஸ்தெல்நோதாரி. ஆனால் அதற்குக் காவோரை விடப் பொருத்தமான ஒயினை நான் இதுவரை குடித்ததில்லை. பயறு சட்டியின் கொழுப்பை முழுவதும் உறிஞ்சி வைத்திருந்தது; ஒவ்வொரு கரண்டிக்குப் பின்னும் ஒரு மிடறு தேவைப்பட்டது, அடுத்த கரண்டிக்கு வாய் மறுபடி தயாரானது.

இளம் ஒயினை உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் காற்றாட வைத்திருந்தார். காற்றுப் பட்டதில் அதன் மூடிய வாசனை திறந்து, துவர்ப்பும் சற்றுத் தளர்ந்திருந்தது. குளிர்பெட்டிக் குளிர்ச்சி இதற்கு ஆகாது, துவர்ப்பைக் கூர்மையாக்கிவிடும். நம் ஊர் அறைச் சூடும் ஆகாது. 16, 17 பாகை அளவே சரி.

பிறகு 2005ஆம் ஆண்டின் புட்டி ஒன்றை நிலவறையிலிருந்து கொண்டுவந்தார். வியாழனன்று என்னைத் தோற்கடித்த அதே சுண்ணாம்பு மேட்டினுடையது. நிறத்தில் ஊதா போய், ஓரத்தில் செங்கல் சாயல் ஏறியிருந்தது. அடியில் கறுத்த வண்டல். ஆண்டுக்கணக்கில் டானினும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்துப் படிந்தது அது. ஈர இலை, தோல், காய்ந்த அத்தி, மழைக்குப் பிந்திய காட்டுத்தரை. துவர்ப்பு அப்போதும் இருந்தது. ஆனால் அது இழுத்துப் பிடிப்பதை விட்டுவிட்டு, மற்ற சுவைகளெல்லாம் சாய்ந்து நிற்கும் தூணாக ஆகியிருந்தது. இளமையில் அந்தக் கடுமை இல்லாமலிருந்தால் இத்தனை ஆண்டுகள் இந்த ஒயின் தாங்கியிருக்காது. நான் அதிகம் பேசாமல் குடித்தேன்; அவர்களும் என்னைப் பேச வைக்க முயலவில்லை.

உணவின் தொடக்கத்தில் தந்திருந்த தூரன் என்ற பூண்டுக் கஞ்சியில் சிறிதை என் கிண்ணத்தில் மிச்சம் வைக்கச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. இப்போது அந்த இளம் ஒயினிலிருந்து ஒரு கை அளவு அதில் ஊற்றி, சுழற்றி, கரண்டி இல்லாமல் கிண்ணத்தையே தூக்கிக் குடிக்கச் சொன்னார். 'ஷப்ரோ' என்பது அதன் பெயர்; தன் பாட்டன் இதைச் செய்யாமல் மேசையை விட்டு எழுந்ததே இல்லை என்றார். வெதுவெதுப்பான பூண்டு, வாத்துக்கொழுப்பு, ஊதா ஒயின் எல்லாம் ஒரே மிடறாக இறங்கின. துவர்ப்பு ஓர் அடிச்சுவையாக மட்டும் தங்கியது.

நாளை காலை ரயில். பெட்டியில் துணிகளுக்கு நடுவே மூன்று புட்டிகளைச் சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டை இந்தக் குளிர்காலத்திலேயே திறக்கலாம். மூன்றாவது சுண்ணாம்பு மேட்டினுடையது. அதன் அட்டையின் மூலையில், எந்த ஆண்டுக்கு முன் திறக்கக் கூடாது என்பதை அந்த அம்மா பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.